24 பலகைகளில் ஒரு படுக்கை

1992 மே 16ஆம் தேதி நியூயார்க் நகரின் 24 விளம்பரப் பலகைகளில் ஒரே படம் ஏறியது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இருவர் படுத்து எழுந்த கட்டில், கசங்கிய வெள்ளை விரிப்பு, அருகருகே இரண்டு தலையணைகள், இரண்டிலும் தலை அழுந்திய பள்ளம். ஆள் இல்லை, எழுத்து இல்லை, எந்தப் பொருளின் பெயரும் இல்லை. ஜூன் 30 வரை அந்தப் படம் கார் விளம்பரங்களுக்கும் மது விளம்பரங்களுக்கும் உரிய உயரத்தில் நின்றது.

எடுத்தவர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ். 1957இல் கியூபாவில் பிறந்தவர், நியூயார்க்கில் புகைப்படக் கலை பயின்றவர். அவருடைய துணைவர் ராஸ் லேகாக் 1991 ஜனவரி 24ஆம் தேதி எய்ட்ஸ் நோயில் இறந்தார். பலகைகளின் எண்ணிக்கை அந்தத் தேதியிலிருந்து வந்தது. கட்டில் அவர்கள் இருவருடையது. 1996 ஜனவரியில் கொன்சாலஸ்-டோரஸும் அதே நோயில் 38 வயதில் மறைந்தார். எய்ட்ஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது அதே ஆண்டில்தான்.

புகைப்படக்காரர் ஒருவர் தம் சொந்த வாழ்க்கையின் படத்தை நகரத்தின் பொதுப் பலகையில் வைப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் படைப்பே முதலில் நிறுத்தப்படுகிறது. அந்தப் பெருமைக்கு அது தகுதியானதா? இந்தக் கேள்வியை மலேசியாவின் கிள்ளானிலிருந்து கேட்க எனக்குக் காரணம் உண்டு. நம் சாலைகளில் சொந்தப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. தீபாவளி நெருங்கினால் தெங்கு கிளானா சாலையில் 'ஒய்பி' எனப்படும் மக்கள் பிரதிநிதி ஒவ்வொருவரும் கைகூப்பிச் சிரிக்கிறார். கோயில் திருவிழா பேனரில் சாமியைச் சுற்றி உபயகாரர்களின் முகங்கள் வட்டமிடுகின்றன. இத்தனை முகங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களிடம் ஒரு படுக்கைப் படம் என்ன சாதித்துவிட முடியும் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தரங்கத்தைத் துணிந்து பொதுவெளிக்குக் கொண்டுவந்தார் என்பது மேற்கில் இந்தப் படைப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் பாராட்டு. தமிழருக்கு இது பாராட்டாகவே படாது. வீட்டுத் துக்கத்தைத் தெருவில் வைப்பது நமக்குப் பழகிய செயல். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' முதலாக நம் நாளேடுகள் எல்லாவற்றிலும் நினைவஞ்சலி விளம்பரங்களுக்கு என்றும் இடம் இருந்திருக்கிறது. அப்பா இறந்த பத்தாம் ஆண்டிலும் அதே கடவுச்சீட்டுப் படத்தை அச்சிட்டு, கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்களை அடுக்குவோம். தமிழ்நாட்டில் இது தெருமுனைக்கே வந்துவிட்டது. இறந்தவர் வீட்டுச் சந்தில் விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டப்பட்டுவிடும். ஆகவே அந்தரங்கம் தெருவுக்கு வந்தது என்ற ஒன்றுக்காகக் கொன்சாலஸ்-டோரஸுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அவருடைய சாதனையை நம் அஞ்சலிப் பேனரை அருகில் வைத்துப் பார்த்தால்தான் காண முடிகிறது. நம் பேனரில் இறந்தவரின் முகம் நடுவில் இருக்கும். பெயர், தோற்றம், மறைவு, ஊர், தொழில் எல்லாம் இருக்கும். துக்கப்படுகிறவர்களின் பெயர்களும் இருக்கும். பல நேரங்களில் அவர்களுடைய முகங்களும். தமிழ்நாட்டுப் பேனரில் இதற்கெல்லாம் மேலே கட்சித் தலைவரின் முகம் வந்து உட்காரும். இறப்பைச் சொல்லும்போதே இன்னார் வீட்டு இறப்பு, இன்னின்னார் கலந்துகொள்ளும் இறப்பு என்று சமூகத்தில் தம் இடத்தையும் அது சொல்லிவிடுகிறது. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து வந்து பட்டணத்தில் பெயரற்றுப் போன குடும்பங்களுக்கு, செய்தித்தாளில் நான்கு அங்குலத்தில் பெயர் வருவது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பலகை பார்க்கிறவனிடம் ஒன்றைக் கேட்கிறது: எங்களைத் தெரிந்துகொள், எங்கள் இழப்பை ஒப்புக்கொள். படுக்கைப் படம் எதையும் கேட்கவில்லை. அழுகிறவர் யார் என்றுகூட அது சொல்லவில்லை. முகம் இல்லாததால் அந்த இரண்டு பள்ளங்களில் எவர் தலையையும் வைத்துப் பார்க்கலாம். கைம்பெண் ஒருத்தி கணவனை வைத்துப் பார்ப்பாள். இரவு வேலைக்குப் போகும் தம்பதியருக்கு அது தாங்கள் ஒன்றாகப் படுக்க முடியாத படுக்கை. தம் துக்கத்தின் உரிமையைக் கலைஞர் விட்டுக்கொடுத்திருக்கிறார். பொதுவெளியில் இது மிக அரிதான காரியம். என் தீர்ப்பில் படைப்பின் முதல் பலம் இதுவே.

பொதுச் சாலையில் ஏறும் சொந்தப் படத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே அனுமதியின்றிக் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் ஒருவர் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். ஒரு வீட்டின் மகிழ்ச்சி இன்னொரு வீட்டுப் பெண்ணின் உயிரை எடுத்தது. சாலை எல்லாருக்கும் உரியது; அதன் ஓரத்தில் என் படத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பிறருடைய பார்வையையும் வழியையும் நான் எடுத்துக்கொள்கிறேன். கலை என்ற பெயர் இந்தக் கடனிலிருந்து எவரையும் விடுவிக்காது. எடுத்த இடத்துக்கு ஈடாக என்ன திருப்பித் தந்தாய் என்று எந்தப் பலகையையும் கேட்கலாம்.

படுக்கைப் படத்தின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இங்கேதான் வருகிறது. கதை தெரியாதவனுக்கு அது மெத்தை விளம்பரம். 24 என்ற எண்ணின் பொருளும் ராஸின் பெயரும் கண்காட்சியை நடத்திய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வட்டத்துக்குள் இருந்தன. சாலையில் போனவனுக்குக் கிடைத்தவை வெறும் தலையணைகள். திறவுகோலை உள்ளே வைத்துக்கொண்டு கதவை மட்டும் தெருவில் நிறுத்தியதாகாதா?

இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் பலகை எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரும் கூட்டரசு நெடுஞ்சாலையில் காரில் வருகிறவருக்கு ஒரு பலகை சில வினாடிகளே கிடைக்கும். அந்த வினாடிகளில் அவர் தேடுவது பெயரை. வீடமைப்புத் திட்டமா, கைப்பேசியா, பல்கலைக்கழகமா? பெயர் கிடைத்ததும் மனம் அந்தப் பலகையை மூடிவிடும். பெயரே இல்லாத பலகையை மூட முடியாது. அடுத்த பலகையிலும் அதே படம் பெயரில்லாமல் வந்தால் கேள்வி நீளும். 24 இடங்களில் திரும்பத் திரும்ப வந்ததற்குக் கதை தெரியாதவனுக்கும் பயன் இருந்தது என்று நான் நம்புவது இதனால்தான். எண்ணின் பொருள் அவனுக்குத் தெரியாமல் போகலாம். மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் ஒன்றின் அழுத்தம் தெரியாமல் போகாது.

அதே நெடுஞ்சாலையில் வேறொரு பார்வையாளரும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை உள்ள சாலை அது. மாலை மழை பிடித்தால் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை ஓரங்கட்டி நிற்பார்கள். மழை விடும்வரை எதிரே தெரிகிற பலகைதான் அவர்களுக்குக் காட்சி. விளம்பர நிறுவனம் காரில் போகிறவரின் சில வினாடிகளைக் கணக்கிட்டுப் பலகையை நிறுத்துகிறது. அதை உண்மையில் நின்று பார்க்க நேர்கிறவர் மழைக்கு ஒதுங்கிய தொழிலாளி. அத்தனை நேரம் பார்ப்பதற்கு வீடமைப்பு விளம்பரத்தில் எதுவும் இல்லை. கசங்கிய விரிப்பில் இருக்கிறது. எந்தப் பக்கத்துத் தலையணை அதிகம் அழுந்தியிருக்கிறது, எழுந்தவர்கள் எங்கே, விரிப்பை ஏன் யாரும் சரிசெய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எழுத்தில்லாமை நம் ஊரில் கூடுதல் மதிப்புப் பெறும். இங்கே விளம்பரப் பலகையில் ஏறும் சொல்லுக்கு மொழிச் சட்டம் உண்டு. தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். வாசகத்தைத் தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்க வேண்டும். எந்த எழுத்து பெரிது, எது சிறிது என்பது இந்த நாட்டில் அரசியலாகவே இருந்து வருகிறது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் மொழிபெயர்ப்பு இல்லாமல் சமமாகப் பார்க்கக்கூடிய பலகையை நம் சாலைகளில் நான் அதிகம் கண்டதில்லை.

இல்லாமையைக் காட்சிக்கு வைத்த முன்னோடிகள் நம் நாட்டிலும் இருந்தார்கள். 1974இல் ரெட்சா பியடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் டேவான் பஹாசா கட்டடத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் வெறும் பறவைக்கூண்டு ஒன்று இருந்தது. அவ்வாண்டு ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு எஞ்சிய கூண்டு என்று அதன் தலைப்பே தெரிவித்தது. மலேசியக் கலை வரலாற்றில் அந்தக் கூண்டுக்கு உள்ள இடத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் தலைப்பை எடுத்துவிட்டால் அது சந்தையில் விற்கும் கூண்டு. கொன்சாலஸ்-டோரஸின் படுக்கை தலைப்பே இல்லாமல் தெருவில் நின்றது; அப்படியும் தாக்குப்பிடித்தது. போனவரின் தடம் பொருளிலேயே பதிந்திருப்பதுதான் வேறுபாடு. பறந்த பறவை கூண்டில் பள்ளம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

ஆகவே முதல் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். நோயின் வரலாறும் மரணமும் உள்ளே இருந்தவர்களுக்கே கிடைத்தன. இழப்பு எல்லாருக்கும் கிடைத்தது.

படுக்கைக்கு இன்னோர் அடுக்கு உண்டு. நாம் கவனமாக இறங்க வேண்டிய இடம் அது. 1982இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் போலீஸ்காரர் ஒருவர் ஓர் இளைஞரின் படுக்கையறைக்குள் போய், இன்னோர் ஆணுடன் இருந்ததற்காக அவரைக் கைது செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. அத்தகையவர்களின் படுக்கையறைக்கு அரசியல் சட்டத்தின் காப்பு இல்லை என்று 1986இல் தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பு கொன்சாலஸ்-டோரஸை ஆழமாகத் தைத்தது. 1989இல் நியூயார்க்கின் ஷெரிடன் சதுக்கத்தில் அவர் வைத்த முதல் பலகையில், கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில், ஓரினச் சேர்க்கையாளர் வரலாற்றின் நிகழ்ச்சிகளும் ஆண்டுகளும் மட்டும் இருந்தன. 1986ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றமும் அதில் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படுக்கைப் படத்தில் அந்த வாதத்தின் சொற்கள் எல்லாம் உதிர்ந்துபோயின. அரசு ஏற்கெனவே நுழைந்துவிட்ட அறையை அவர் தாமே திறந்து காட்டினார். உள்ளே குற்றம் தேடி வந்தவனுக்கு இரண்டு தலையணைகள் மட்டுமே இருந்தன.

மலேசியாவில் இதைப் படிக்கிறவருக்கு இன்னொரு மெத்தை நினைவுக்கு வராமல் இருக்காது. 1998 டிசம்பரில், அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிம் மீதான முதல் வழக்கில், ஒரு மெத்தை சாட்சிப் பொருளாகக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்குத் தூக்கி வரப்பட்டது. அதைச் சுமந்து சென்ற காட்சி நாளேடுகளில் வந்தது. குழந்தைகள் இருந்த வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். அவர்மீதான ஓரினப் புணர்ச்சிக் குற்றத்தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2004 செப்டம்பர் 2ஆம் தேதி தள்ளுபடி செய்தது. வழக்கின் சரி தவறு இங்கே என் பொருளன்று. ஒரு படுக்கை பொதுவெளிக்கு வரும் இரண்டு வழிகளை இந்த இரண்டு படங்களும் காட்டுகின்றன. மெத்தையை, அதில் படுத்தவர்மீது குற்றம் சாட்டுவதற்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் பலகையில் இருந்த படுக்கையை வைத்து எவரும் எவர்மீதும் குற்றம் சாட்ட முடியாது. இந்தியாவில் ஓரினப் புணர்ச்சியைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கடுமையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது. இங்கே அந்தச் சட்டப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அதனால் இந்தப் படத்தின் அரசியலை நியூயார்க்கில் இன்று பார்க்கிறவரைவிட நாம் கூர்மையாகப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு பணமும் அனுமதியும் பற்றியது. உலகின் செல்வமிக்க அருங்காட்சியகங்களில் ஒன்று பின்னால் நின்றதால்தான் 24 பலகைகள் கிடைத்தன. பெயர் இல்லாத பலகை என்று நான் மெச்சினாலும் அந்தப் பெயரின்மைக்கு ஒரு பெரிய பெயர் வழிசெய்து கொடுத்தது. இது உண்மை, படைப்பின் பெருமையில் ஒரு பங்கை இதற்காகக் கழிக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான வழியைப் போர்ட் டிக்சனில் வாழும் ஷரோன் சின் எடுத்தார். 2013 பொதுத் தேர்தலுக்குப் பின் மிஞ்சிய கட்சிக் கொடிகளின் மேல், தம் வீட்டைச் சுற்றி முளைக்கும் களைச் செடிகளை அவர் வரைந்தார். தெருவை நிறைத்த துணியையே எடுத்துக்கொண்டதால் வாடகைக்கும் உரிமத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. துணிவில் அவருக்கே என் வாக்கு. ஆனால் கொடி ஓவியமான பிறகு கலைக்கூடத்துப் பொருளாகிவிடுகிறது. படுக்கைப் படம் தெருவிலேயே தொடங்கித் தெருவிலேயே இறங்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கி வந்தது 2016இல் தொடங்கிய சென்னை புகைப்பட ஈராண்டு விழா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தோடு கோதே நிறுவனத்தின் துணையில் பிறந்தது. எலியட்ஸ் கடற்கரைக்கும் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கும் அது படங்களைக் கொண்டுசென்றது. டிக்கெட் எடுக்கப் போகிறவர் கண்முன் புகைப்படக் கலையை வைத்ததே நல்ல காரியம். ஆனாலும் அது கலைக்கூடத்தின் சுவரை வெளியே நீட்டிய முயற்சி. பல கலைஞர்கள், பல படங்கள், விழாவின் பெயர் எல்லாம் சேர்ந்து, நீ இப்போது கலை பார்க்கிறாய் என்று பயணியிடம் சொல்லிவிடுகின்றன. பலகையைப் பலகையாகவே பயன்படுத்தும் முயற்சி வேறு.

அப்படிப் பயன்படுத்தியவர்களில் கொன்சாலஸ்-டோரஸுக்கு மிக அருகில் நான் வைப்பது ஜெனிஃபர் போலாண்டை. 2017இல் கலிஃபோர்னியப் பாலைவனச் சாலையொன்றில், பலகை மறைத்த மலைகளின் படத்தை அந்தப் பலகையிலேயே ஏற்றினார். சாலையின் குறிப்பிட்ட இடத்தில் வரும்போது படத்து மலையும் உண்மை மலையும் ஒரே கோட்டில் சேரும். எடுத்ததைத் திருப்பித் தருதல் என்ற அளவுகோலில் இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. ஆனால் கோடு சேர்ந்ததும் வியப்பு தீர்ந்துவிடுகிறது.

பிறர் முகங்களை ஏற்றுகிறவர்களிடம் எனக்குத் தயக்கம் அதிகம். 2014இல் ஆண்ட்ரெஸ் செரானோ நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் விளம்பர இடங்களில் வீடற்றவர்களின் படங்களை வைத்தார். கண்ணியமான படங்கள்தாம். ஆயினும் வீடில்லாதவர் தம் முகத்தையும் நகரத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009இல் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் பெண்களின் கண்களையும் முகங்களையும் கூரைகளின் மேல் விரித்தபோது, மழைநீர் இறங்காத வினைல் துணியில் அவற்றை அச்சிட்டார். படத்தின் கீழே குடும்பங்கள் நனையாமல் உறங்கின. கீழே வாழ்கிறவருக்குப் பயன் என்ற ஒன்றில் ஜேஆர் படுக்கைப் படத்தை வென்றுவிடுகிறார். இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் பிறரைக் கடன் வாங்காமல் தம் இழப்பை மட்டும் பணயம் வைத்ததில் கொன்சாலஸ்-டோரஸ் முன்னே நிற்கிறார்.

நகரத்தின் பொதுப் பலகையில் ஏறிய சொந்தப் புகைப்படங்களில் நான் அறிந்தவரை 1992இன் படுக்கையே தலைசிறந்தது என்பது என் முடிவு. பொருளில் பாதி உள்வட்டத்துக்கே போனதையும் அருங்காட்சியகத்தின் பணத்தையும் கழித்த பிறகும் இந்த முடிவு நிற்கிறது. ஆனால் இந்த முடிவு அந்த ஆறு வாரங்களுக்கு மட்டுமே செல்லும். 2010இல் டெக்சாஸ் மாநிலத்தில் அவருடைய பலகைப் படைப்புகளை மீண்டும் நிறுத்தினார்கள். 1986 தீர்ப்பைப் புரட்டிப்போட்ட 2003ஆம் ஆண்டு வழக்கு பிறந்த மாநிலம் அது என்பதால் அந்த மண்ணே அதற்குப் பொருள் தந்திருக்கும். 2012இல் அதே அருங்காட்சியகம் படுக்கையை நியூயார்க்கில் மறுபடி ஏற்றியபோது பலகைகள் 24 இல்லை. துக்கத்தின் தேதி கழன்றுபோய், புகழ்பெற்ற படம் ஒன்றின் மறுபதிப்பு எஞ்சியது. அதை நான் அவ்வளவு உயர்வாக வைக்கமாட்டேன்.

இந்தப் படத்தையே வாங்கிவந்து நம் நெடுஞ்சாலையில் நிறுத்தினாலும் அப்படித்தான் ஆகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் அளவுக்கு நிற்கக்கூடிய படம் இங்கேயே எடுக்கப்பட வேண்டும். ஹைலண்ட்ஸ், எமரல்ட், மிட்லண்ட்ஸ் தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் மட்டும் தங்கிவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் நூறு வீடுகள் குடியிருப்பும் இடிந்துவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற மண்ணில் இப்போது அடுக்குமாடி விளம்பரங்கள் நிற்கின்றன. அந்தத் தோட்ட லயங்களில் பிறந்த ஒரு புகைப்படக்காரர் தம் வீட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை அந்த விளம்பரங்களுக்கு எதிரே சில வாரம் வைக்க, கிள்ளான் அரச மாநகர் மன்றம் சில பலகைகளைத் தர வேண்டும் என்று கேட்கிறேன். பெயரும், வாழ்த்தும், ஒய்பியின் முகமும் அதில் இல்லாமல் இருந்தால் போதும்.